நாற்பது புழுவின் பெயர்

குப்பைமேட்டைக் கிளறிக்கொண்டே செவலைக்கோழி பக்கத்திலிருந்த வாத்திடம் அலுத்துக்கொண்டது.

"கொக்கு டீச்சர் அனுப்பின சீட்டைப் பார்த்தியாக்கா? இந்தப் பருவம் பூராவும் பிள்ளைங்க தானாக் கிளறவும் தானாக் கொத்தவும் படிக்குமாம். இதெல்லாம் ஒரு படிப்பா? எங்க குட்டான் நாற்பது புழுவோட பேரையும் மூச்சுவிடாம ஒப்பிப்பான். நாளைக்கே போய் அவனை மேல்வகுப்புல போடச் சொல்லப்போறேன்."

"போ, போ. ஆனா டீச்சர் கால் நகத்தைத்தான் முதல்ல பார்ப்பாங்களாம். உன் பிள்ளை நகத்துல மண்ணே இல்லையேடி?"

கோழிக்குச் சுருக்கென்றது. "ஏன், அவனுக்குக் கிளறத் தெரியாதாக்கும்? வீட்டுல நான் ஒரு வாய்கூட ஊட்டறதில்ல. எல்லாம் அவனே..."

"அம்மா! இந்தப் புழு நெளியுது, நீயே வந்து ஊட்டிவிடு!"

"இதோ வந்துட்டேன்டா தங்கம்!" என்று ஓடிய கோழி, பாதி வழியில் திரும்பிப் பார்த்தது. "நான் என்ன சொல்லவந்தேன்னாக்கா, அவன் தானாவே எல்லாம் கொத்தித் தின்னுக்குவான்!"