முகாரியில் ஒரு ‘தே’

“தேவி ஆக்கும் ஓய்! இந்த ரெண்டு காதாலயும் கேட்டேன்.”

“அந்தக் காது ரெண்டையும் அறுத்துக் கல்பாத்திப் புழைத் தண்ணியில போடும். அது தேவா!”

ஒரே ஒரு அட்சரத்துக்காக யக்ஞநாராயணனும் துரைசுவாமியும் காலை ஆறு மணியிலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். இப்போது மணி ஒன்பது. யக்ஞநாராயணனின் பெண் பட்டுவுக்கும் துரைசுவாமியின் பிள்ளைக்கும் தை மாதம் கல்யாணம். பத்திரிகையை அச்சாபீசில் கொடுக்க வேண்டிய நாள் அன்றைக்குத்தான். எழுதிய காகிதம் இருவருக்கும் நடுவில் ஊஞ்சல் பலகை மேல் கிடந்தது. யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

விஷயம் இதுதான். கல்பாத்தித் தேர்த் திருவிழாவில் பாடுவதற்காகத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய பாகவதர் வந்திருந்தார். முந்தின நாள் சாயங்காலம் அவருடைய கச்சேரிக்கு ஊரே திரண்டு போயிற்று. யக்ஞநாராயணன் மட்டும் மூக்கைச் சுளித்தார். அவருக்குக் கச்சேரி என்றாலே இளப்பம். முன் வரிசையில் வெற்றிலை மெல்லும் சத்தம், பின் வரிசையில் குழந்தைகளின் அழுகை, போதாக்குறைக்கு ஊர்ப் பகையெல்லாம் தீர்த்துக்கொள்வது போல மிருதங்கக்காரன் போடும் அடி. இதற்கு நடுவே பாட்டை எங்கே போய்த் தேடுவது? கிராமபோன் பிளேட்டும் அவருக்கு ஆகாது. மூன்று நிமிஷத்தில் மூச்சை விட்டுவிடுகிற சங்கீதம் என்ன சங்கீதம் என்பார்.

“கச்சேரியில பாடறது ஊருக்கு. விடியக்காலம் தனியா சாதகம் பண்றாரே, அது தனக்கு. அசல் சங்கீதம் அங்கேயாக்கும் இருக்கு!”

இந்தச் சித்தாந்தத்துக்கு ஊரில் ஒரே சீடர் துரைசுவாமி. ஆகவே அன்று விடியற்காலையில் இரண்டு பேரும், பாகவதர் தங்கியிருந்த வீட்டின் கொல்லைச் சுவருக்கு வெளியே, பனியில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கால் கடுக்க நின்றார்கள்.

நின்றது வீண்போகவில்லை. எடுத்த எடுப்பிலேயே மேல் ஷட்ஜத்தில் “தே...” என்று ஆரம்பித்தார் பாகவதர். என்ன குரல்! அதில்தான் என்ன நடுக்கம்! யக்ஞநாராயணனுக்குக் கண்ணில் ஜலம் தளும்பிவிட்டது. தன்னை மறந்து, “பேஷ்! பேஷ்! இன்னொரு தரம்!” என்று கத்திவிட்டார். ராகம் முகாரி என்பதில் இருவருக்கும் துளிச் சந்தேகமில்லை. தகராறெல்லாம் அந்த அடுத்த அட்சரத்தில்தான்.

“நீர் வாயை மூடிண்டிருந்தா எனக்கு முழுசாக் கேட்டிருக்கும்,” என்றார் துரைசுவாமி.

“எனக்கு முழுசாத்தான் கேட்டது. தேவி! அதனாலதானே அடுத்த அடியில ‘அம்மா, அம்மா’ன்னு உருகினார்?”

“அதுக்கு அடுத்த அடியில ‘அப்பா’ன்னாரே, அது யாரை? உம்ம தோப்பனாரையா? பரமசிவனையாக்கும்!”

“அம்பாளுக்கும் ஈச்வரனுக்கும் பேதம் தெரியாத ஆத்துல என் பொண்ணைக் குடுக்கறதா இல்லை!”

“செவிட்டு ஆத்துல நானும் பொண்ணெடுக்கறதா இல்லை!”

அடுக்களைக் கதவுக்குப் பின்னாலிருந்து பட்டு விசும்புகிற சத்தம் கேட்டது. யக்ஞநாராயணனின் மனைவி சேஷம்மாள் கையில் கரண்டியோடு வெளியே வந்தாள்.

“தே-ன்னா தேங்காயாவும் இருக்கலாம், தேன்குழலாவும் இருக்கலாம். அதுக்காகக் குழந்தையோட கல்யாணத்தை நிறுத்துவேளா? பாடினவர் இன்னும் ஊர்லதானே இருக்கார்? ஒலவக்கோட்டுல ரயில் ஏறறதுக்குள்ளே போய்க் கேளுங்கோ. கேக்காம ரெண்டு பேரும் இந்தப் படி ஏறப்படாது, மனசிலாச்சோ?”

கரண்டி மேலும் கீழும் ஆடியது. இரண்டு ரசிகர்களும் எழுந்து நடந்தார்கள்.

பாகவதர் நாற்காலியில் சாய்ந்து, காலை ஒரு முக்காலி மேல் நீட்டி, சால்வையால் போர்த்தியிருந்தார். முகம் வாடியிருந்தது. “வாங்கோ” என்ற குரல் கம்மிப்போயிருந்தது. அப்படி உருகிப் பாடினால் தொண்டை கம்மாமல் என்ன செய்யும் என்று நினைத்தார் யக்ஞநாராயணன். பக்தியோடு குனிந்து காலைத் தொடப் போனார்.

“தொடாதேங்கோ, தொடாதேங்கோ!” என்று பதறினார் பாகவதர்.

இவ்வளவு பெரிய வித்வானுக்கு எவ்வளவு அடக்கம்! சண்டையை மறந்து இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அண்ணா, நேத்திக் கச்சேரி கிடக்கட்டும்,” என்று ஆரம்பித்தார் யக்ஞநாராயணன். “இன்னிக்கு விடியக்காலம் கொல்லையில ‘தே’ன்னு ஆரம்பிச்சு முகாரியில ஒண்ணு பாடினேளே, அதுக்கு ஈடே கிடையாது. அது தேவியா, தேவாவா? எங்காத்துக் கல்யாணமே இப்போ உங்க வாயிலதான் இருக்கு.”

பாகவதர் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

“சுவத்துக்கு அந்தண்டை நின்னது நீங்கதானா?”

“நாங்களேதான்!”

“‘பேஷ், இன்னொரு தரம்’னு கத்தினது?”

“நானாக்கும்!” என்று நெஞ்சை நிமிர்த்தினார் யக்ஞநாராயணன்.

பாகவதர் மெதுவாகச் சால்வையை விலக்கினார். இடது கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. கட்டைவிரல் முழுக்கச் சுண்ணாம்பு அப்பியிருந்தது.

“கொல்லைக்குப் போகலாம்னு இருட்டுல செருப்பை மாட்டினேன். யாராவது ஓடி வருவான்னுதானே அப்படிக் கத்தினேன்? நீங்க போட்ட ‘பேஷ்’ல, ‘தேள்’னு முழுசாச் சொன்னதுகூட ஒருத்தர் காதுலயும் விழலையேய்யா!”

இருவரும் தெருமுனை வரைக்கும் விறுவிறுவென்று நடந்தார்கள். அதற்கப்புறம் யக்ஞநாராயணன் துரைசுவாமியின் கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“சம்பந்தி, கல்யாணத்துக்குப் பாட்டுக் கச்சேரி வேண்டாம். நாயனம் மட்டும் போறும். அதுல அட்சரமே கிடையாது, கேட்டேளா.”