சவரிமுத்துவின் வலது கை

மீன் மார்க்கெட் சண்டையில் கொம்பையாவின் வலது கை துண்டாகி, ஐஸ் உடைக்கும் எந்திரத்துக்குள் போய்விட்டது. இடது கையால் அவன் அரிவாளை வீச, சவரிமுத்து செத்தான். இடது கையால் கொம்பையா உருப்படியாகச் செய்த ஒரே வேலை அதுதான்.

ஆஸ்பத்திரியில், செத்த சவரிமுத்துவின் வலது கையையே கொம்பையாவுக்குத் தைத்தார்கள். அடுத்தவன் உறுப்பை உடம்பு தன்னுடையதென்று நம்ப, சர்க்கரை மூலக்கூறுகளாலான ஒரு கோவையை அதன்மேல் பூச வேண்டும். முன்பு அதை மணிமணியாகக் கோக்க வருஷமாகுமாம். இப்போது டீ ஆறுவதற்குள் எந்திரம் கோத்துவிடுகிறது.

“எனக்குச் சுகர் வேற இருக்கே டாக்டர்” என்று கவலைப்பட்டான் கொலைகாரன்.

விரல்கள் அசைந்த அன்று சவரிமுத்துவின் மனைவி மரியபுஷ்பம் மகளோடு வந்தாள்.

“கையை நீட்டு.”

வெட்டத்தான் போகிறாள் என்று நினைத்துக்கொண்டே நீட்டினான். கட்டைவிரலடியில் இருந்த பல் தடத்தை அவள் தடவினாள்.

“நான் கடிச்சது. பதினோரு வருசம் எங்களை அடிச்ச கை. உனக்காகவா இதை எடுத்துக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்? இது எம்மக தலையில ஒருதடவையாவது அடிக்காம படணும்.”

கையைப் பார்த்ததுமே சிறுமி கட்டிலுக்கடியில் புகுந்துவிட்டாள்.

கட்டிலோடு விலங்கு மாட்டிய இடது கை இழுத்துப் பிடிக்க, கொம்பையா குப்புறப் படுத்து, புதுக் கையைக் கீழே தொங்கவிட்டு, உள்ளங்கையை விரித்தான்.

சாயங்காலம்வரை அதை அவன் அசைக்கவில்லை.