மடவையின் இரண்டு பேச்சு

கழிமுகத்தில் சாக்கடை வந்து விழும் இடத்தில் பச்சைப்பாசி மண்டிக் கிடந்தது. இரவெல்லாம் அந்தப் பாசி தண்ணீரிலிருந்த காற்றை உறிஞ்சிவிடும். அங்கே மேய்ந்த மடவை மீன் தினமும் விடியற்காலையில் மேலே வந்து வாயைப் பிளக்கும்.

"மூச்சு முட்டுது நண்டண்ணே, இன்னைக்கே கடலுக்குப் போயிடலாம்" என்னும்.

வெயில் ஏறிப் பாசி மறுபடி காற்றை விடத் தொடங்கியதும் மூச்சு சீராகிவிடும். "இவ்வளவு சோத்தை விட்டுட்டா? உங்களுக்குப் பொறாமை" என்று சிரிக்கும். எந்தப் பேச்சை நம்புவதென்று நண்டு குழம்பும்.

ஒருநாள் வானம் மூடிக்கொண்டது. "வாடா தம்பி, போயிடுவோம்" என்று நண்டு கெஞ்சியது.

"கொஞ்சம் பொறுங்கண்ணே, வெயில் வரட்டும்."

வெயில் வரவில்லை. மதியம் மடவை வயிறு மேலாக மிதந்தது. வாய் நிறையப் பாசி. இத்தனை சோற்றுக்கு நடுவே எப்படிச் செத்தான் என்று நண்டுக்கு விளங்கவே இல்லை.