முதல் வரிசை இருமல்

"இன்னொரு தடவை இருமினே, உன்னை நாற்காலியோட தூக்கி வெளியே வச்சிடுவேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு காதோரம் சொன்னாள் இன்ஸ்பெக்டர்.

நிஜ இன்ஸ்பெக்டர் இல்லை. இரண்டாம் ஆண்டு மாணவிகளின் வகுப்புப் பிரதிநிதி. அவள் அதட்டுகிற அதட்டலுக்கு வகுப்பே சேர்ந்து வைத்த பெயர் அது.

பக்கத்தில் இருந்த, அதே வகுப்பு பெயர் வைத்த தூங்குமூஞ்சி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணை மேடையிலேயே வைத்துக்கொண்டு, "லொக்! லொக்! லொக்!" என்றாள்.

அரங்கமே முறைத்தது.

மேடையில் ரொம்ப சோகமான நாடகம். முதல் காட்சியிலேயே அப்பா இறந்துவிடுகிறார். அவரைக் கட்டிலில் கிடத்தி, கணுக்கால் வரை போர்த்திவிட்டு, இரண்டு மகன்களும் ஒரு மகளும் வீடு யாருக்கு என்று ஒன்றரை மணி நேரம் சண்டை போடுகிறார்கள்.

இன்ஸ்பெக்டருக்கு அதில் ஒரு வரிகூடக் காதில் ஏறவில்லை. அவள் கவலை அவளுக்கு.

போன மாதம் இதே அரங்கில் நடன நிகழ்ச்சி. நடுவில் வகுப்பில் ஒருத்தியின் போன் அடித்தது. அடித்ததோடு போயிருந்தால் பரவாயில்லை. எடுத்து, "டான்ஸ் பாத்துட்டிருக்கேன்மா, நீ சாப்டியா?" என்று விசாரித்தாள். இனி ஒரு புகார் வந்தால் உங்கள் மாணவிகளுக்கு இங்கே இடமே இல்லை என்று சொல்லிவிட்டார் அரங்க மேலாளர்.

அதனால் துறைத்தலைவி இந்த முறை ஒரு தாளைக் கொடுத்து அனுப்பியிருந்தார். 'மாணவிகள் ஒழுங்காக நடந்துகொண்டார்கள்.' கீழே மேலாளரின் கையெழுத்து வேண்டும். அது இல்லாமல் திரும்பினால் அடுத்த மாதக் கச்சேரி, அதற்கடுத்த பொம்மலாட்டம், எல்லாம் போச்சு.

தூங்குமூஞ்சி குறட்டை விடுவாளோ என்று பயந்துதான் அவளை முதல் வரிசையில், தன் பக்கத்திலேயே உட்கார வைத்தாள் இன்ஸ்பெக்டர். நின்றாலும் உட்கார்ந்தாலும் தூங்குகிறவள், இன்றைக்குப் பார்த்துக் கண் கொட்டாமல் உட்கார்ந்து இருமுகிறாள்!

"இந்தா, இருமல் மிட்டாய். வாயில போட்டு அடக்கு."

வாங்கிக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"வாயில போடுடி!"

"சும்மா இரு. கவனம் சிதறுது."

"ஆமா, கவனிச்சுக் கிழிச்சே!"

"லொக்! லொக்!"

பின்வரிசை ஆசாமி ஒருவர் குனிந்தார். "உடம்பு சரியில்லேன்னா வீட்டுல கிடக்க வேண்டியதுதானே?"

"அந்தப் பொண்ணு இருமறதைவிட நீங்க கத்தறதுதாங்க பெரிசா கேக்குது" என்றார் அவர் மனைவி.

இன்ஸ்பெக்டர் இன்னொரு மிட்டாய் கொடுத்தாள். பிறகு இன்னொன்று. ஐந்து கொடுத்துவிட்டாள். ஐந்தும் தூங்குமூஞ்சியின் கைக்குள்தான் போயின. பதினேழு இருமலுக்கு மேல் இன்ஸ்பெக்டர் எண்ணுவதை விட்டுவிட்டாள்.

கடைசிக் காட்சி. மகள் ஓடிவந்து கட்டில்மேல் விழுந்தாள்.

"அப்பா! ஒரே ஒரு வார்த்தை பேசுங்கப்பா!"

அரங்கத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். அங்கங்கே மூக்கை உறிஞ்சுகிறார்கள். தூங்குமூஞ்சி நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூச்சை இழுத்தாள்.

'வேண்டாம்டி, தாயே...' என்று இன்ஸ்பெக்டர் மனசுக்குள் கெஞ்சி முடிப்பதற்குள்,

"லொக்! லொக்! லொஓஓக்!"

பாதி எழுந்து நின்று, தும்மலும் சேர்த்து, அரை நிமிடம் இருமினாள். மூக்கை உறிஞ்சியவர்களில் பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள்.

திரை விழுந்தது. விளக்கு எரிந்தது. மேலாளர் நேராக முதல் வரிசைக்கே வந்தார்.

"இங்கே உக்காந்து இருமினது யாரு?"

இன்ஸ்பெக்டர் கையில் இருந்த தாளைப் பார்த்தாள். அடுத்த மாதக் கச்சேரி கண்முன் வந்து போனது. தூங்குமூஞ்சி பக்கம் கையைக் காட்டினாள்.

"இவதான் சார். ஆனா எங்க காலேஜ் இல்ல. யாருன்னே தெரியாது."

தூங்குமூஞ்சி கழுத்தில் தொங்கிய கல்லூரி அடையாள அட்டையை மெதுவாகத் திருப்பி வைத்துக்கொண்டாள்.

மேலாளர் மேடைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "அண்ணே, வாங்க! இந்தப் பொண்ணுதானாம்!"

பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு, முகம் முழுக்க வெள்ளை மாவோடு, போர்வையைப் போர்த்தியபடி செத்துப்போன அப்பா வந்தார். இரண்டடிக்கு ஒரு தரம் சுவரைப் பிடித்துக்கொண்டு, குடலே வெளியே வருகிற மாதிரி இருமினார்.

"மகராசி, நல்லா இருப்பே! இருபது வருஷமா மேடையில செத்துட்டிருக்கேன். ஒரு நாளும் மாட்டினதில்லை. இன்னிக்கு மானமே போயிருக்கும். எனக்கு எப்போ இருமல் வரும்னு உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

"முதல் ரெண்டு தடவை கொஞ்சம் லேட்டாயிடுச்சு சார்." தூங்குமூஞ்சியின் குரல் கம்மிப்போயிருந்தது. "அப்புறம் பாத்தா, உங்க கால் கட்டைவிரல் மடங்குது, மூணு எண்றதுக்குள்ள இருமல் வருது. கடைசியில ரெண்டு விரலும் மடங்கிச்சா, பயந்தே போயிட்டேன்."

கையை விரித்தாள். உள்ளங்கைச் சூட்டில் ஐந்து மிட்டாயும் ஒன்றாக ஒட்டிப்போயிருந்தன.

"சாப்பிடுங்க சார். இவதான் கொடுத்தா."

மேலாளர் சிரித்துக்கொண்டே இன்ஸ்பெக்டர் கையிலிருந்து தாளை வாங்கினார். பேனாவை எடுத்தார். பாதிக் கையெழுத்தில் நிறுத்தி நிமிர்ந்தார்.

"ஆமா, இந்தப் பொண்ணு யாருன்னே தெரியாதுன்னு இப்பதானேம்மா நீ..."

"லொக்! லொக்! லொக்!" என்றாள் தூங்குமூஞ்சி.