ஐந்தாவது மைக்

டப்ளினில் ஐவர் பாட்டுக்குழு ஒன்றின் கடைசி நிகழ்ச்சி. ஒலியமைப்பாளர் ஓர்லாவிடம் ஐந்தாவது பாடகன் ஃபியாக்ரா கெஞ்சினான்.

"மூஞ்சி அழகா இருக்குன்னு சேர்த்தாங்க. இருபது வருஷமா சத்தம் வெளிய போகாம மூடின மைக்லதான் பாடுறேன். இன்னிக்கு அம்மா வந்திருக்காங்க. ஒரு பாட்டுக்காவது திறந்து விடுங்கக்கா."

"சரி, போய்ப் பாடுடா."

பாட்டு உச்சத்துக்கு ஏறியதும், வழக்கம்போல் ஐவரும் ஸ்டூலை விட்டு எழுந்தார்கள். ஃபியாக்ரா உயிரைக் கொடுத்துப் பாடினான்.

முடிந்ததும் அம்மா கேட்டாள்: "ஏன்டா, டிவியில எப்பவும் கேக்குற உன் குரல் இன்னிக்குக் கேக்கலையே?"

ஓர்லாவிடம் ஓடினான். "மைக்கைத் திறக்கவே இல்லையா?"

"மேனேஜர் ஆரம்பத்துலயே மூடச் சொன்னாரு. ஆனா நான் இதுவரைக்கும் ஒருநாளும் மூடினதில்ல. யாருக்கும் கேக்காதுன்னு நெனச்சு நீ அவ்வளவு அழகா பாடுவே. இன்னிக்குக் கேக்கும்னு தெரிஞ்சதும் குரல் நடுங்கிச்சு. அதான் மொத தடவையா மூடினேன்."