யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்

"மூணு வருஷமா கண்ணு முழிச்சு வளத்ததுடா! போறவன் வர்றவனுக்கெல்லாம் சும்மா தூக்கிக் குடுத்துட்டியே, நீயெல்லாம் ஒரு மனுஷனா?"

கோவிந்தன் போட்ட சத்தத்தில் பருத்திப்பட்டு தெருவே திரும்பிப் பார்த்தது. எட்மண்டுக்குப் பிள்ளையே கிடையாதே என்று எதிர்வீட்டு அம்மாள் குழம்பிப் போனாள்.

பிள்ளை இல்லை, கம்ப்யூட்டர் புரோகிராம். அம்பத்தூர் எஸ்டேட் பட்டறைகளுக்கு ஓவர்டைம் சம்பளம் கணக்குப் போடுவது. எட்மண்ட் எழுதுவான், கோவிந்தன் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கி விற்பான், வருவதில் ஆளுக்குப் பாதி. பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்கள் இருவரும் வாய்வார்த்தையாகப் போட்டுக்கொண்ட கூட்டு.

"எவனும் சீந்த மாட்டேங்கிறான் மச்சான்" என்று கோவிந்தன் உதட்டைப் பிதுக்கிக்கொண்டே இருந்ததில், எட்மண்டுக்கு வெறுத்துப் போனது. கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சி.டி.யில் இலவச புரோகிராம்களுக்குப் போட்டிருந்தது போல, போன மாதம் தன் புரோகிராமுக்கும் ஒரு லைசென்ஸ் எழுதி வைத்தான். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், காப்பி போடலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். எழுதியவன் பெயரை மட்டும் எடுக்கக் கூடாது.

புரோகிராமுக்குள் தான் எழுதிய வரிகளையும் ஒளிக்காமல் சேர்த்து, ஃப்ளாப்பிகளில் போட்டுப் பட்டறைகளுக்குக் கொடுத்தான். யாருக்காவது உபயோகப்பட்டால் சரி என்று நிம்மதியாகத் தூங்கினான்.

அந்த நிம்மதிக்குத்தான் இப்போது வேட்டு.

"சென்னீர்குப்பத்துல ஒரு பெரிய பார்ட்டிடா. மாசக்கணக்கா அவன் பின்னாடி அலைஞ்சுகினு கீறேன். காரியம் முடிஞ்சதும் சொல்லி உன்ன அசத்தலாம்னு இருந்தேன். இன்னிக்குக் கையெழுத்துப் போடப் போனா, மேனேஜர் ஃப்ளாப்பிய என் மூஞ்சில விட்டெறியறான்!"

"எந்த ஃப்ளாப்பி?"

"உன் ஃப்ளாப்பிதான்! யாரோ பட்டறைக்காரன் குடுத்தானாம். போட்டுப் பாத்தா அதே புரோகிராம், தொறந்ததும் உன் பேரு. 'இதே சரக்கு ஓசில கெடைக்குது, யாருய்யா இந்த எட்மண்டு?'ன்னு கேக்கறான். என் மானமே போச்சு! கூட இருந்தே குழி பறிச்சிட்டியேடா, துரோகி!"

டீ கொண்டுவந்த ஜெயசீலிக்குக் கணவன் மேல்தான் கோபம் வந்தது.

"அண்ணன் கேக்கறது நியாயந்தானே? அவர ஒரு வார்த்த கேட்டுட்டு செஞ்சிருக்கலாம் இல்ல?"

எட்மண்டால் தலைநிமிர முடியவில்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவனே துரோகி என்கிறான். தனக்காகத்தானே இவன் வெயிலில் அலைந்தான் என்று நினைக்க நினைக்க அழுகை வந்தது.

"தப்புதான் மச்சான், மன்னிச்சுக்கோ."

"மன்னிப்பு இன்னாத்துக்கு? அந்த லைசென்ச வாபஸ் வாங்கு."

"குடுத்தது குடுத்ததுதான், திரும்ப வாங்க முடியாது. ஆனா ஒண்ணும் கெட்டுப் போவல. புரோகிராம் ஓசின்னாலும், ரிப்பேர் பாக்க, புதுசா சேக்க ஆள் வேணும் இல்ல? அதுக்குக் காசு கேக்கலாம். எழுதினவனே வந்து நின்னா நம்புவாங்க." எட்மண்ட் ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்தான். "வா, இப்பவே அந்த மேனேஜரப் போய்ப் பாக்கலாம்."

"நீ எதுக்கு?" கோவிந்தனின் குரல் சட்டென்று இறங்கியது. "நீ ஊட்டுலயே இரு. நான் பாத்துக்கறேன்."

"நானே பேசறேன்டா. என் தப்புதானே?"

"வேணாம்னு சொல்றேன் இல்ல!"

ஜெயசீலி நீட்டிய டீயை வாங்காமல் கோவிந்தன் வாசலைப் பார்த்தான். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த எட்மண்டின் கை அப்படியே நின்றது.

"மாசக்கணக்கா பேசினியே, அவங்களுக்கு எட்மண்டு யாருன்னே தெரியலியா?"

கோவிந்தன் வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினான்.

"அப்போ யாரு எழுதினதுன்னு சொல்லி வெச்சிருந்தே, மச்சான்?"