இறுகச் சொன்ன ஸ்பேனர்

ஒரு கொட்டகையில் பழைய கார் ஒன்று, தான் இன்னும் மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருப்பதாகக் கனாக் கண்டபடி நின்றது. அதைப் புதுப்பிப்பதற்காக ஒவ்வொரு பாகமாகக் கழற்றினார்கள். சைலன்சரைப் பிடித்திருந்த நட்டு மட்டும் துருவேறி, ஸ்பேனர் எவ்வளவு கெஞ்சியும் அசைய மறுத்தது.

"நான் விட்டால் வண்டியே விழுந்துவிடும்," என்றது நட்டு. வண்டி நகர்ந்தே நாற்பது வருடமாயிற்று என்பது வேறு விஷயம்.

"கெஞ்சியது போதும், தள்ளு. நான் ஒரே போடாகப் போட்டு வெட்டிவிடுகிறேன்," என்றது உளி.

ஸ்பேனருக்கு மனம் வரவில்லை. "கொஞ்சம் பொறு," என்றது.

முதலில் எண்ணெய் வந்து, துருவின் இடுக்குகளில் தூக்கம்போல் மெல்ல இறங்கியது. பிறகு ஸ்பேனர் நட்டைத் தழுவிக்கொண்டது.

"ஐயா, நீங்கள் சொல்வதுதான் சரி. இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடியுங்கள். நானும் கைகொடுக்கிறேன்."

நட்டுக்கு உச்சி குளிர்ந்தது. "இப்போதுதான் உனக்கு விவரம் புரிந்திருக்கிறது!" என்று ஒரு மயிரிழை இறுகியது. அந்த அசைவில் துரு டக்கென்று உடைந்தது.

அதன்பின் ஸ்பேனர் எந்தப் பக்கம் திருப்புகிறது என்று நட்டு கவனிக்கவில்லை. வெயிலில் மிதக்கும் தூசியைப் பார்த்தபடி, சுழன்று சுழன்று இறங்கி வந்தது.

மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் ஏற்கெனவே பதினொரு நட்டுகள் ஊறிக்கொண்டிருந்தன.

"நான் விடவே இல்லை. கடைசிவரை இறுகத்தான் செய்தேன்," என்றது புதிதாக வந்த நட்டு.

"நாங்களும்தான்," என்றன பதினொன்றும்.